சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?

ஏழாவது குழிக்கு வந்ததும் என் மருமகன் கோல்ஃப் பையைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் போட்டான். பிறகு அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டான்.

“மாமா, காணும். வீட்ட போவம்.”

அது ஒரு சனிக்கிழமை காலை. அவனுக்கு 15 வயது. கோல்ஃப் பழகத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கிளப்பில் ஜூனியர் உறுப்பினன். அன்று முதல் குழியிலேயே பந்து மரத்தில் பட்டுத் தெறித்துப் பங்கருக்குள் விழுந்தது. அந்த மணலைவிட்டு வெளியே வர அவனுக்கு மூன்று அடி தேவைப்பட்டது. நாலு அடியில் முடிக்க வேண்டிய குழியைப் பத்து அடியில் முடித்தான். அடுத்த ஐந்து குழிகளும் அதற்குக் கொஞ்சமும் குறையாமல் போயின.

(பங்கர் என்றதும் நம் பெரியவர்களுக்கு வேறு நினைவு வரும். ஒருநாள் “பிள்ளை பங்கருக்குள்ள விழுந்திட்டான்” என்று நான் தொலைபேசியில் சொல்ல, என் அம்மா பதறிப்போனார். ஊரில் நாங்கள் பங்கர் வெட்டியது விளையாடுவதற்காக அல்ல. கோல்ஃபில் பங்கர் என்பது மணல் நிரப்பிய ஒரு பள்ளம், அவ்வளவுதான்.)

“ஏன்டா, இன்னும் பன்னிரண்டு குழி கிடக்கே?” என்றேன்.

“என்னத்துக்கு மாமா? இந்தக் கார்ட் எப்படியும் எட்டுக்குள்ள வராது. இனி நல்லா அடிச்சாலும் ஒண்டுதான், கெட்டாலும் ஒண்டுதான்.”

அன்பான தம்பி தங்கைகளே, அவன் சோம்பேறியும் இல்லை, கோழையும் இல்லை. அவன் கணக்குப் பார்த்துத்தான் பேசினான். அதுவும் சரியான கணக்கு. அதனால் என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. அந்தக் கணக்கு என்ன, அது ஏன் மனதை உடைக்கிறது, அதற்கு என்ன பதில் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கோல்ஃப் விளையாடாதவர்களும் வாசியுங்கள். பரீட்சை எழுதுகிற எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

தொப்பிக்குள் கை

ஊரில் விளையாடும்போது சின்னப் பிள்ளைகளை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்வோம். அவர்கள் ஓடுவார்கள், பந்து பொறுக்குவார்கள். ஆனால் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, வென்றாலும் வெற்றி இல்லை. அது அன்புதான். ஆனால் அந்தப் பிள்ளையின் ஆட்டம் கணக்கில் வராது.

கோல்ஃபில் இருக்கும் ‘ஹேண்டிகேப்’ அப்படிப்பட்டதல்ல. திறமை குறைந்தவரையும் முழுமையாகக் கணக்கில் சேர்க்க அது ஒரு வழி. என் மருமகனுக்கு எங்கள் மைதானத்தில் 26 அடி சலுகை. எனக்கு 14. இருவரும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் விளையாடுகிறோம். அவன் என்னைவிடப் பதினொரு அடி கூட அடித்து முடித்தாலும் அன்று வென்றவன் அவன்தான். 70 வயதுத் தாத்தாவும் 13 வயதுப் பேத்தியும் உண்மையாகவே போட்டி போடக்கூடிய விளையாட்டுகள் உலகில் அதிகம் இல்லை. கோல்ஃப் அவற்றில் ஒன்று. அதற்குக் காரணம் இந்த எண்தான்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருள்களை மாற்றிக்கொள்ள விரும்பினால், எந்தப் பொருளின் பெறுமதி எவ்வளவு கூட என்று மூன்றாவது ஆள் ஒருவர் தீர்மானிப்பார். சம்மதமா இல்லையா என்பதைக் காட்ட இருவரும் ஒரு தொப்பிக்குள் கையைவிட்டு எடுப்பார்கள். ‘தொப்பிக்குள் கை’ என்ற அந்த வியாபார விளையாட்டின் பெயர் பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரைக்குக் கூடுதல் எடை சுமத்திச் சமப்படுத்தினார்கள். அங்கிருந்து கோல்ஃபுக்கு வந்தது. சமப்படுத்துவது என்பதுதான் அதன் முதல் அர்த்தம்.

இருபதில் எட்டு

உலகத்தில் ஆறு வேறு வேறு ஹேண்டிகேப் முறைகள் இருந்தன. ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸில் இருக்கும் ‘ஆர் அன்ட் ஏ’ அமைப்பும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து, 2020 இல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி உலக ஹேண்டிகேப் முறையைக் கொண்டுவந்தன. இங்கிலாந்தில் அது 2020 நவம்பர் 2 இல் நடைமுறைக்கு வந்தது.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, மிகத் திறமையான ஓர் ஆட்டக்காரர் அங்கு எத்தனை அடியில் முடிப்பார் என்று சொல்லும் ‘கோர்ஸ் ரேட்டிங்’. மற்றது, சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் இன்னும் எவ்வளவு கடினம் என்று சொல்லும் ‘ஸ்லோப் ரேட்டிங்’. ஸ்லோப் 55 இலிருந்து 155 வரை இருக்கும். ஒப்பிடுவதற்கு 113 என்ற எண்ணை வைத்திருக்கிறார்கள். நீங்கள் அடித்த அடிகளிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழியுங்கள். வருவதை 113 ஆல் பெருக்கி, ஸ்லோப் எண்ணால் வகுத்துவிடுங்கள். அதுதான் அன்றைய ஆட்டத்தின் எண். எல்லோருடைய ஆட்டத்தையும் காற்று குழப்பிய நாள் என்றால் அதற்கும் ஒரு சிறு திருத்தம் உண்டு.

இப்படிக் கடைசி 20 ஆட்டங்களின் எண்களையும் வரிசையாக வைத்திருப்பார்கள். அதில் மிகச் சிறந்த 8 ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். அதுதான் உங்கள் ஹேண்டிகேப் இன்டெக்ஸ்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இருபதில் பன்னிரண்டு ஆட்டங்கள் கணக்கிலேயே வருவதில்லை. ஹேண்டிகேப் உங்கள் சராசரியைச் சொல்லவில்லை. நீங்கள் நன்றாக விளையாடும் நாளில் என்ன செய்யக்கூடியவர் என்பதைத்தான் சொல்கிறது. ஆகவே பெரும்பாலான நாள்களில் நீங்கள் உங்கள் ஹேண்டிகேப்பைவிட மோசமாகத்தான் விளையாடுவீர்கள். இந்த முறை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மோசமான நாள் ஒரு விபத்தல்ல, அது கணக்கின் ஒரு பகுதி.

இது பலருக்குத் தெரிவதில்லை. “என் ஹேண்டிகேப்புக்கு விளையாட முடியவில்லையே” என்று ஒவ்வொரு கிழமையும் நொந்துகொள்வார்கள். வகுப்பில் தான் எடுத்த மிகச் சிறந்த எட்டுப் பரீட்சைகளை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாப் பரீட்சையிலும் தான் தோற்றுவிட்டதாக அழுகிற பிள்ளையைப் போன்றது இது.

ஆனால் இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. மருமகன் கண்டுபிடித்தது அதைத்தான். கார்ட் எட்டுக்குள் வராது என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மோசமாகப் போனாலும் ஹேண்டிகேப்புக்கு ஒன்றுதான். ஏழாவது குழியில் அவன் நிலை அது. பன்னிரண்டு குழியும் நன்றாக விளையாடினால் அவன் எண் 34 அளவில் வரும். விட்டெறிந்து விளையாடினால் 49 அளவில் வரும். இரண்டுமே எட்டுக்குள் வராது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?

மனதில் இருக்கும் கோடு

மனித மனம் எண்களைத் தனியாகப் பார்ப்பதில்லை. எங்கோ ஒரு கோட்டைப் போட்டு, அதற்கு மேலா கீழா என்றுதான் பார்க்கிறது.

இதை கோல்ஃபை வைத்தே இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். டெவின் போப், மொரிஸ் ஷ்வைட்சர் இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட பட்களை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்டார்கள். பட் என்பது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் கடைசி அடி. ஒரே தூரம், ஒரே மாதிரியான இடம். ‘பார்’ எடுப்பதற்கான பட் என்றால் குழிக்குள் விழுகிறது. அதைவிட ஓர் அடி குறைவான ‘பேர்டி’ எடுப்பதற்கான பட் என்றால் சற்றுக் குறைவாக விழுகிறது. ஆனால் போட்டியின் முடிவில் இரண்டுக்கும் ஒரே பெறுமதிதான். ஓர் அடி, ஓர் அடிதான். வித்தியாசம் மனதில் இருக்கிறது. பாரைத் தவறவிட்டால் நட்டம், பேர்டியைத் தவறவிட்டால் இலாபம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நட்டத்தைத் தவிர்க்கத்தான் நாம் அதிகம் கவனம் எடுக்கிறோம்.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கோட்டை ஹேண்டிகேப் போட்டுத் தருகிறது. கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்வரை ஒவ்வோர் அடிக்கும் உயிரைக் கொடுப்போம். கோட்டைவிட்டுத் தூரமாக விழுந்துவிட்டால், இனி ஒரு நட்டமும் பெரிதாகத் தெரியாது. கலியாண வீட்டில் “இண்டைக்கு ஒண்டும் சாப்பிட மாட்டன்” என்று போனவர், ஒரு ரோல்ஸைத் தொட்டுவிட்டால் பிறகு தட்டை நிரப்புவது போல. முதல் ரோல்ஸ் கோட்டைத் தாண்ட வைத்தது. மற்ற ஐந்தும் கோட்டுக்கு அப்பால் விழுந்ததால் கணக்கில் இல்லை. உடம்பு மட்டும் ஆறையும் எண்ணிக்கொள்ளும்.

ஒரு மருத்துவர் சொன்ன வழி

மனம் இப்படி விட்டெறியும் என்பதை நன்றாகக் கவனித்தவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர். லிவர்பூலுக்கு அருகில் கடற்கரையோரமாக இருக்கும் வாலசி கிளப்பின் உறுப்பினர். கடற்காற்றில் முதல் இரண்டு மூன்று குழிகளிலேயே ஆட்டம் கெட்டுப்போய், கார்டைக் கிழித்துப்போடுகிறவர்களை அவர் பார்த்திருந்தார். அவர் வகுத்த புள்ளி முறையில் 1932 மே மாதம் அங்கே முதல் போட்டி நடந்தது. இன்று உலகம் முழுக்க கிளப் ஆட்டங்களில் அந்த முறை அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அதில் அடிகளைக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு குழிக்கும் புள்ளி. உங்கள் சலுகை அடியைக் கழித்த பிறகு பார் வந்தால் 2 புள்ளி. ஓர் அடி கூடினால் 1. ஓர் அடி குறைந்தால் 3. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் பூச்சியம். பூச்சியத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. பத்து அடி அடித்தாலும் பூச்சியம், பதினெட்டு அடி அடித்தாலும் பூச்சியம். பந்தை எடுத்துப் பையில் போட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போகலாம். அங்கே மறுபடியும் 2 புள்ளி உங்களுக்காகக் காத்திருக்கும். 18 குழியில் 36 புள்ளி எடுத்தால் உங்கள் ஹேண்டிகேப்புக்குச் சரியாக விளையாடினீர்கள் என்று அர்த்தம்.

இன்றைய உலக ஹேண்டிகேப் முறையிலும் இந்த எண்ணம் இருக்கிறது. ஒரு குழிக்கு எழுதக்கூடிய மிக அதிக எண், பார் கூட்டல் 2, அதோடு அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை அடிகள். அதை ‘நெட் டபுள் போகி’ என்பார்கள். முதல் குழியில் மருமகனுக்கு ஒரு சலுகை அடி இருந்தது. 4 + 2 + 1 = 7. அவன் அடித்தது 10. ஹேண்டிகேப் கணக்கில் ஏறியது 7 மட்டுமே.

அதாவது ஒரு குழி முழு ஆட்டத்தையும் கொன்றுவிட முடியாது. அவன் மனதில் அந்தப் பத்து இன்னும் பத்தாகத்தான் இருந்தது. கணக்கு எப்போதோ மன்னித்துவிட்ட மூன்று அடிகளை அவன் ஆறு குழி தூரம் சுமந்துகொண்டு வந்திருக்கிறான்.

போர்ட்ரஷ்ஷில் ஒரு வியாழக்கிழமை

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. 2019 ஜூலையில் ஓபன் போட்டி வட அயர்லாந்தின் ரோயல் போர்ட்ரஷ் மைதானத்துக்கு வந்தது. 1951 க்குப் பிறகு அங்கே நடந்த முதல் ஓபன் அது. சொந்த மண்ணின் பிள்ளை ரோரி மெக்கில்ரோயைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. 16 வயதில் அதே மைதானத்தில் 61 அடித்துச் சாதனை செய்தவர் அவர்.

வியாழக்கிழமை முதல் அடியே வேலிக்கு வெளியே போனது. நாலு அடிக் குழியில் எட்டு. பிறகு ஓரளவு சமாளித்தவர் கடைசிக் குழியிலும் தடுமாறி ஏழு எடுத்தார். மொத்தம் 79. கணக்குப் பார்த்தால் போட்டி முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தார். 65 அடித்தார். வார இறுதிக்குத் தகுதி பெற ஓர் அடி போதவில்லை. ஒரே ஓர் அடி. அன்று மாலை பேட்டியில் அவர் கண் கலங்கினார். ஆனால் அந்த மைதானத்தில் நின்றவர்கள் அந்த வெள்ளிக்கிழமையை மறக்கமாட்டார்கள்.

இதிலிருந்து இரண்டு விடயம் எடுக்கலாம். எல்லாம் முடிந்தது என்று நினைத்த நாளுக்கு மறுநாள் அப்படி ஓர் ஆட்டம் சாத்தியம் என்பது ஒன்று. மற்றது அதைவிட முக்கியம். குறைந்துபோன அந்த ஓர் அடி வியாழக்கிழமையின் எந்த அடி என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு எடுத்த முதல் குழியில் இருந்திருக்கலாம். ஏழு எடுத்த கடைசிக் குழியில் இருந்திருக்கலாம். மோசமான நாளில் எந்த அடி பிறகு தேவைப்படும் என்று அடிக்கும்போது தெரியாது.

பன்னிரண்டு குழி

திரும்ப எங்கள் ஏழாவது குழிக்கு வருவோம். மேலே எழுதிய எதையும் நான் அன்று சொல்லவில்லை. புல்லில் உட்கார்ந்திருக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு விரிவுரை ஏறாது.

“இந்த ஆட்டத்தைத் தொடங்குமுன் செயலியில பதிஞ்சிட்டம். காரணம் இல்லாமல் விட்டிட்டுப் போகேலாது” என்றேன். பிறகு, “சரி, முடிஞ்ச ஆறையும் மறப்பம். இனி மூண்டு மூண்டு குழியாப் பிரிச்சு நாலு சின்ன ஆட்டம் விளையாடுவம். ஒவ்வொண்டுக்கும் ஆறு புள்ளி. தோத்தவர் வென்றவருக்கு ஐஸ்கிறீம்.”

எழும்பினான். ஐஸ்கிறீமுக்காகத்தான் எழும்பினான், பொய் சொல்லக்கூடாது.

ஒன்பதாவது குழியில் பந்து மறுபடியும் மரங்களுக்குள் போனது. காலையில் அவன் மரங்களுக்கு நடுவே இருந்த சின்ன இடைவெளியால் அடிக்கப்போய்த்தான் மாட்டிக்கொண்டான். இந்த முறை பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி வெளியே எடுத்தான். ஓர் அடி நட்டம். ஆனால் அந்தக் குழியில் 1 புள்ளி கிடைத்தது. முதல் ஆறு குழியில் 3 புள்ளி எடுத்தவன், அடுத்த பன்னிரண்டில் 22 எடுத்தான். மொத்தம் 25. ஐஸ்கிறீம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

கார்ட் எட்டுக்குள் வந்ததா? இல்லை. அன்றைய எண் 34.3. அவன் சொன்ன கணக்கு சரி. நான் அவனுக்கு வேறு கணக்கு எதுவும் காட்டவில்லை. ஆனால் மூன்று கிழமை கழித்து அதே முதல் குழியில் பந்து அதே மரங்களுக்குள் போனது. பக்கவாட்டில் தட்டி எடுத்தான், ஆறு அடியில் முடித்தான். அந்த நாளின் கார்ட் எட்டுக்குள் வந்தது. அந்த அடியை அவன் பழகியது, கணக்கில் வராத ஒரு நாளில்.

மறுநாள் காலை வந்த சோதனை

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மோசமான ஆட்டத்துக்கு மறுநாள் காலை செயலியைப் பார்த்தவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். “மாமா, 24.0 இருந்தது 24.7 ஆகிட்டுது! மோசமா விளையாடினதுக்குப் பரிசோ?”

காரணம் இதுதான். புதிய கார்ட் உள்ளே வரும்போது, இருபதில் மிகப் பழையது வெளியே போகும். வெளியே போனது அவனுடைய சிறந்த எட்டில் ஒன்று, 21.0. அதன் இடத்துக்கு ஒன்பதாவதாக இருந்த 26.6 வந்தது. வித்தியாசம் 5.6. அதை எட்டால் வகுத்தால் 0.7.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “அப்ப, அடுத்த மாதம் ஜூனியர் கப். அதுக்குமுன்ன இன்னும் ரெண்டு மூண்டு ஆட்டம் இப்பிடிப் போனால்…” என்று இழுத்தான்.

இதுதான் மோசமான ஆட்டத்தில் ஹேண்டிகேப் வைக்கும் இரண்டாவது பொறி. முதலாவது, “இனிப் பிரயோசனம் இல்லை.” இரண்டாவது, “மோசமாக விளையாடினால்தான் பிரயோசனம்.” இதைத் தடுக்க விதிகள் உண்டு. கடந்த ஒரு வருடத்தில் இருந்த மிகக் குறைந்த இன்டெக்ஸிலிருந்து 3 அடிக்கு மேல் ஏறினால், மேலதிக ஏற்றத்தில் பாதிதான் சேரும். 5 அடிக்கு மேல் ஏறவே முடியாது. திடீரென்று ஒருநாள் தன் இன்டெக்ஸைவிட 7 அடி அல்லது அதற்கு மேல் சிறப்பாக விளையாடினால், இன்டெக்ஸைக் கூடுதலாகக் குறைத்துவிடுவார்கள். ஆனால் ஒரு பட் தவறியதா, தவறவிடப்பட்டதா என்பதை எந்த விதியாலும் பார்க்க முடியாது.

அதனால் அவனுக்கு நான் ஒரு கதை சொன்னேன். அதை இங்கேயும் எழுதுகிறேன்.

2020 க்கு முன் இங்கு இருந்த பழைய முறையில் ‘பஃபர்’ என்று ஒன்று உண்டு. என் தரத்தில் இருந்தவர்களுக்கு, அன்றைய அளவுகோலைவிட மூன்று அடிவரை கூடினால் ஹேண்டிகேப் மாறாது. மூன்றைத் தாண்டினால் 0.1 ஏறும். நாலு அடி கூடினாலும் 0.1, இருபது அடி கூடினாலும் 0.1. அப்போது என் ஹேண்டிகேப் 17.4. விளையாடும்போது அது 17. இன்னும் 0.1 ஏறினால் 17.5, அதாவது 18. அடுத்த சனிக்கிழமை கிளப்பில் ஒரு சிறிய கிண்ணத்துக்கான போட்டி.

பதினாறாவது குழி முடிந்தபோது நான் பஃபருக்குள் சரியாக மூன்றில் இருந்தேன். கடைசி இரண்டு குழியையும் கவனமாக விளையாடினால் 17.4 இல் நிற்பேன். நான் கவனமாக விளையாடவில்லை. இரண்டு கிரீனிலும் மூன்று மூன்று பட். அவற்றில் ஒன்று மூன்றடித் தூரம்கூட இல்லை. கூட விளையாடியவர், “பரவாயில்லை, மோசமான நாள்” என்று என் தோளில் தட்டிக் கார்டில் கையெழுத்து வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கிண்ணம் எனக்குக் கிடைத்தது. ஓர் அடி வித்தியாசத்தில்.

மருமகன் கேட்டான். “திருப்பிக் குடுத்தீங்களோ?”

“இல்லை.”

“எங்க இருக்குது?”

“லொஃப்டில, ஒரு பெட்டிக்குள்ள.”

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஜூனியர் கப்புக்கு முன் இரண்டு ஆட்டம் விளையாடினான், இரண்டையும் முழுமையாக விளையாடினான். கப்பில் ஏழாவதாக வந்தான்.

மோசமான நாளுக்குச் சில வழிகள்

கோல்ஃப் விளையாடும் தம்பி தங்கைகளுக்கு, எங்கள் அனுபவத்திலிருந்து:

1. ஆட்டத்தை மூன்று மூன்று குழிகளாகப் பிரியுங்கள். கெட்டுப்போன பகுதியை மூடிவிட்டு அடுத்ததைப் புதிதாகத் தொடங்குங்கள்.

2. வில்லங்கத்தில் மாட்டினால் முதலில் வெளியே வரும் வழியைப் பாருங்கள். இழந்த எல்லாவற்றையும் ஒரே அடியில் மீட்கப் போகிறபோதுதான் பத்து வருகிறது.

3. ஹேண்டிகேப்பைத் தவிர வேறொன்றை எண்ணுங்கள். இனி மூன்று பட் இல்லை, அல்லது இனி ஒரு பந்தும் தொலைப்பதில்லை, இப்படி ஏதாவது ஒன்று.

4. கூட விளையாடுகிறவரைப் பாருங்கள். அவருக்கு அது நல்ல நாளாக இருக்கலாம். உங்கள் முகத்தால் அதைக் கெடுக்காதீர்கள்.

5. கார்டில் நடந்ததை எழுதுங்கள். குறைத்தும் வேண்டாம், கூட்டியும் வேண்டாம். நல்ல கார்டை மட்டும் கொடுத்து மோசமானதை ஒளிப்பதும் ஒரு பொய்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மைதானத்திலிருந்தோ பாடசாலையிலிருந்தோ வந்ததும் “எத்தனை?” என்று கேட்பது நம் வீடுகளில் பழக்கம். என் அக்காவும் அப்படித்தான் கேட்பார். அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றால், மோசமான கார்ட்கள் வீட்டுக்குள் வராது. பையின் அடியில் கிடக்கும். நல்ல எட்டைப் பார்த்து மகிழுங்கள். ஆனால் மற்றப் பன்னிரண்டையும் பிள்ளை பயமில்லாமல் மேசையில் வைக்கக்கூடிய வீடாக இருக்கட்டும். பழகியது அந்தப் பன்னிரண்டில்தான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்காரும்போது லொஃப்டுக்கு ஏறிப் பெட்டியைத் திறந்தேன். கிண்ணத்தைத் துடைத்தேன். நடந்ததை எழுதிப் பழைய கிளப்பின் செயலாளருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இரண்டாவதாக வந்தவர் யார் என்று அவர்களுடைய பதிவில் இருக்கும். பதில் இன்னும் வரவில்லை. கிண்ணம் இப்போது காரின் பின் இருக்கையில் இருக்கிறது. போகும் நாளில் தானும் வருவதாக மருமகன் சொல்லியிருக்கிறான்.